பந்தை உருட்டியவன் யார்? பலனைச் சுருட்டியவன் யார்?

முதலாளி பணம் போட்டார், கிளப் வளர்ந்தது. அவர் அமர்த்திய மானேஜர் மந்திரம் போட்டார், ஆட்டம் சிறந்தது. பெரிய பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்கள் ஓயாமல் பாடும் பாட்டு இது. ஆலை ஓடுவது முதலாளியின் மூளையால், தொழிலாளியின் கை வெறும் கை என்று நம்மிடம் சொல்கிறார்களே, அதே பாட்டுத்தான். ராகம் மட்டும் வேறு.

கால்பந்தை இன்றைய உருவில் வளர்த்தெடுத்த இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் சில கிளப்புகளுக்கு என்றே ஒரு தனி ஆட்ட முறை உண்டு. ஆட்டக்காரர்கள் வருவார்கள், போவார்கள். முறை மட்டும் தலைமுறை கடந்து நிற்கும். அந்த முறையைப் படைத்தவர் யார்? காத்தவர் யார்? கெடுத்தவர் யார்? சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போம், தோழர்களே!

துரைமார் தோற்ற நாள்

1883 மார்ச் 31. லண்டன் ஓவல் மைதானம். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக்கு இறுதி ஆட்டம். ஒரு பக்கம் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள்; சீமான் வீட்டுப் பிள்ளைகள். மறுபக்கம் பிளாக்பர்ன் ஒலிம்பிக். லங்காஷயர் பஞ்சாலை நகரம் ஒன்றிலிருந்து ரயிலேறி வந்த நெசவாளிகள், நூற்பாலைத் தொழிலாளிகள், இரும்பு வார்ப்பாலைத் தொழிலாளிகள். அணித் தலைவர் குழாய் வேலை செய்பவர்.

துரைமார் ஆட்டம் எப்படி? பந்து கிடைத்தவன் அதைத் தன் காலோடு ஒட்டிக்கொண்டு தனியே ஓடுவான். நான், என் பந்து, என் கோல்! தொழிலாளிகள் ஆட்டம் எப்படி? மைதானத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பந்தைத் தாண்டி அனுப்பினார்கள். ஒருவன் கொடுக்க, அடுத்தவன் வாங்க, எதிரி அங்கும் இங்கும் அலைந்து களைத்தான். கொடுத்து வாங்கி ஆடும் முறையை 1870களில் ஸ்காட்லாந்தார் வளர்த்திருந்தார்கள். அதைத் தம் வழியில் பழகி, கோப்பை ஆட்டத்தில் நிரூபித்துக் காட்டியவர்கள் இந்த மில் தொழிலாளிகள். கார்டிங்கில் சிக்கெடுத்த பஞ்சு ஸ்பின்னிங்குக்குப் போய், அங்கிருந்து தறிக்குப் போனால்தான் துணி. ஒருவன் கையில் நின்றுவிட்டால் துணி ஏது? பந்தும் அப்படித்தான்.

ஈட்டன்காரர்கள்தான் முதலில் கோல் போட்டார்கள். ஒலிம்பிக் அதைச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் ஜிம்மி காஸ்ட்லி என்ற பஞ்சாலைத் தொழிலாளி வெற்றிக் கோலைப் போட்டார். இரண்டுக்கு ஒன்று! அன்றோடு சரி, பிரபுக்கள் பள்ளியின் பழைய மாணவர் அணி எதுவும் அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு அப்புறம் வரவேயில்லை.

இந்த அணி கடற்கரை நகரமான பிளாக்பூலுக்குப் போய்ப் பயிற்சி பெற்றது. அந்தச் செலவுக்குப் பணம் கொடுத்தவர் ஊரிலிருந்த வார்ப்பாலை முதலாளி. இதை நாம் மறைக்கவில்லை. ஆனால் பணம் சத்திரத்துக்கு வாடகை கொடுத்தது. காலுக்குப் பாஸ் கொடுக்கக் கற்றுத் தரவில்லை. அதைக் கற்றுத் தந்தவர் அதே அணியில் ஆடிய ஜாக் ஹண்டர். பின்னாளில் பணம் வற்றியது. 1889ல் ஒலிம்பிக் கிளப் மூடப்பட்டது. பணம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

சுரங்கத்திலிருந்து வந்த மானேஜர்கள்

கால்பந்துக் கிளப்பில் மானேஜர் என்றால் ஆபீசில் உட்கார்ந்து லெட்ஜர் புரட்டுபவர் அல்ல. ஆட்டக்காரர்களைப் பொறுக்கியெடுத்து, பயிற்சி கொடுத்து, எப்படி ஆடுவதென்று வகுப்பவர். அவரும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்தான்.

பிரிட்டனின் மிகப் புகழ்பெற்ற மானேஜர்கள் மூவர் எங்கிருந்து வந்தார்கள்? மாஞ்செஸ்டர் யுனைடெட்டின் மாட் பஸ்பி, லிவர்பூலின் பில் ஷாங்க்லி, கிளாஸ்கோ செல்டிக்கின் ஜாக் ஸ்டீன். மூவரும் ஸ்காட்லாந்து நிலக்கரிப் பகுதியில் பிறந்தவர்கள். மூவரும் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்கள். பூமிக்கடியில் பக்கத்தில் நிற்பவனை நம்பித்தான் உயிர் பிழைக்க வேண்டும். ஒருவன் தவறு செய்தால் எல்லோருக்கும் ஆபத்து. அந்தப் பாடத்தை எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

ஷாங்க்லி 1959 டிசம்பரில் லிவர்பூலுக்கு வந்தபோது அது இரண்டாவது டிவிஷனில் கிடந்தது. பந்தைக் கொடு, கொடுத்துவிட்டு நில்லாதே, அடுத்த இடத்துக்கு ஓடு: இதுதான் அவர் வகுத்த முறை. பயிற்சி மைதானத்தில் ஐந்து பேருக்கு ஐந்து பேர் ஆடும் சிறு ஆட்டத்தை நாள் தவறாமல் ஆட வைத்தார். முந்தைய மானேஜர் காலத்துப் பயிற்சியாளர்களை வெளியே தள்ளவில்லை. அவர்களைச் சேர்த்துக்கொண்டே வேலை செய்தார். பூட்சுகளை வைக்கும் ஒரு சிற்றறையில் அவர்கள் கூடி உட்கார்ந்து, ஆடிய ஆட்டத்தையும் ஆடப்போகும் ஆட்டத்தையும் அலசினார்கள். 1962ல் மேல் டிவிஷன். 1964லும் 1966லும் 1973லும் லீக் பட்டம். ஷாங்க்லி தம்மை வெளிப்படையாகச் சோஷலிஸ்ட் என்று சொல்லிக்கொண்டவர். எல்லோரும் எல்லோருக்காகவும் உழைத்து, பலனைப் பங்கிட்டுக்கொள்வதே தம் கொள்கை என்றவர்.

1974ல் அவர் விலகினார். முறையும் கூடவே போய்விட்டதா? போகவில்லை! அதே பூட்ஸ் அறையிலிருந்து பாப் பெய்ஸ்லி மானேஜராக வந்தார். டர்ஹாம் சுரங்கத் தொழிலாளியின் மகன். 1977, 1978, 1981 என மூன்று முறை ஐரோப்பியக் கோப்பை. அவருக்குப் பின் அதே அறையிலிருந்து ஜோ ஃபேகன். 1984ல் மறுபடியும் ஐரோப்பியக் கோப்பை. ஒரு தனி மனிதனின் மந்திரமானால் அவனோடு மறைந்திருக்கும். ஒரு கூட்டத்தின் உழைப்பு. அதனால் கை மாறியும் நின்றது.

ஸ்டீனின் செல்டிக் 1967ல் லிஸ்பன் நகரில் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. தோற்றது இத்தாலியின் இன்டர் மிலான், எண்ணெய் முதலாளி மொராட்டியின் கிளப். கோலுக்கு முன்னால் கதவைத் தாழ்ப்பாள் போட்டதுபோல் தடுத்து ஆடுவது இன்டரின் முறை. ஓயாமல் முன்னேறித் தாக்கி இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் செல்டிக் அந்தத் தாழ்ப்பாளை உடைத்தது. அந்தச் செல்டிக் வீரர்கள் அனைவரும் தங்கள் மைதானத்திலிருந்து சுமார் 30 மைல் சுற்றளவுக்குள் பிறந்தவர்கள். வாங்கி வந்த படை அல்ல. ஊரில் விளைந்த பயிர்!

இவர்களுக்கெல்லாம் கிடைத்தது என்ன? 1961 வரை இங்கிலாந்தில் எந்த ஆட்டக்காரனுக்கும் வாரம் 20 பவுனுக்கு மேல் கொடுக்கக்கூடாதென்று உச்சவரம்பு. ஆயிரமாயிரம் பேர் டிக்கெட் வாங்கி மைதானத்தை நிரப்பினார்கள். ஆடியவனுக்கு அளந்த கூலி. ஆட்டக்காரர் சங்கம் ஸ்டிரைக் நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் அந்த வரம்பு ஒழிந்தது. ஷாங்க்லியின் கதை என்ன? விலகிய பின் தம் கிளப்பைவிட எதிர்க் கிளப்புகளிலேயே தமக்கு நல்ல வரவேற்பு கிடைத்தது என்று மனம் நொந்து எழுதினார். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சவில்லை!

விதைநெல்லைத் தின்றவர்கள்

இனி உடைமைக்காரர்களின் கைவரிசையைப் பார்ப்போம்.

ஒலிம்பிக் மறைந்த பிளாக்பர்ன் நகரில் ரோவர்ஸ் என்ற கிளப் தொடர்ந்து வாழ்ந்தது. 1995ல் லீக் பட்டமும் வென்றது. 2010 நவம்பரில் அதை நம் நாட்டின் புனே நகரத்துக் கோழித் தொழில் கம்பெனியான வெங்கீஸ் வாங்கியது. டிசம்பரிலேயே மானேஜர் அலர்டைஸ் நீக்கப்பட்டார். 2012ல் கிளப் மேல் டிவிஷனிலிருந்து விழுந்தது. அடுத்த சீசனில் வந்த ஒரு மானேஜருக்கு ஆயுள் 57 நாள். அவருக்குப் பின் வந்தவருக்கு 67 நாள். நாற்று வேர் பிடிக்கும் முன்பே பிடுங்கி நட்டால் எந்த வயல் விளையும்? 2017ல் மூன்றாவது டிவிஷனுக்கே இறங்கியது. முதலாளி நம் நாட்டுக்காரர் என்பதால் பெருமைப்பட வேண்டுமா? மூலதனத்துக்கு ஏது தேசம்?

மாஞ்செஸ்டர் யுனைடெட்டைப் பாருங்கள். 1878ல் ரயில்வே வண்டிப் பட்டறைத் தொழிலாளர்கள் தொடங்கிய கிளப் அது. பஸ்பி அங்கே இளைஞர்களை வளர்த்து, தாக்கி ஆடும் முறையை ஊன்றினார். 1958ல் ம்யூனிக் விமான விபத்தில் அவருடைய ஆட்டக்காரர்கள் 8 பேர் மாண்டார்கள். அவரும் சாவின் வாயிலிலிருந்து மீண்டு, பத்து வருஷத்தில் ஐரோப்பியக் கோப்பை வெல்லும் அணியைக் கட்டினார். 1986ல் வந்த அலெக்ஸ் பெர்குசனும் கிளாஸ்கோ கப்பல் தொழிலாளியின் மகன். வாலிபத்தில் பயிற்சித் தொழிலாளர் ஸ்டிரைக்கில் முன்நின்றவர். முதல் கோப்பைக்கு 1990 வரையும், முதல் லீக் பட்டத்துக்கு 1993 வரையும் அவருக்குக் காலம் தேவைப்பட்டது.

2005ல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் சுமார் 790 மில்லியன் பவுனுக்கு அந்தக் கிளப்பை வாங்கியது. எப்படி வாங்கியது? பெரும்பகுதி கடன் பணம். அந்தக் கடனின் பெரும் பாரத்தைக் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். உன் வீட்டை உன் பேரில் கடன் வாங்கியே ஒருவன் கிரயம் செய்துகொண்டு, வட்டியையும் உன்னையே கட்டச் சொல்வது போல! டிக்கெட் வாங்கிய தொழிலாளியின் காசு வட்டியாகப் போயிற்று.

கிளேசர் வந்த பிறகும் பெர்குசன் 2008ல் ஐரோப்பியக் கோப்பை வென்றாரே என்பார்கள். வென்றார். அது முன்பே போட்ட விதையின் மகசூல். அவர் 2013ல் போனதும் களஞ்சியம் காலி என்று தெரிந்தது. மோயஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷர், டென் ஹாக் என்று 2024க்குள் ஐந்து மானேஜர்களை வேலையை விட்டு நீக்கினார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறை சொன்னார்கள். எதுவும் வேர் விடவில்லை. 2024ல் ரசாயன முதலாளி ராட்கிளிஃப் கால் பங்குக்குச் சற்று மேல் வாங்கி உள்ளே வந்தார். சுமார் 250 ஊழியர்களுக்கு ஆட்குறைப்பு. 2025ல் மேலும் 150 முதல் 200 பேர் என்று அறிவிப்பு. மைதானத்தில் ஊழியர்களுக்குப் போட்ட இலவசச் சாப்பாடு நிறுத்தம், பதிலுக்குப் பழம்! நட்டமடைந்த ஆலையில் முதலில் யார் வயிற்றில் கை வைப்பார்கள் என்பது நமக்குப் புதிதா?

விலைக்கு வாங்கிய முறை

மாஞ்செஸ்டர் சிட்டியை அபுதாபி பணம் உயர்த்தவில்லையா, அங்கே ஒரு முறை உருவாகவில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2008ல் கிளப்பை வாங்கினார்கள். 2016ல் குவார்டியோலாவை மானேஜராகக் கொண்டுவந்தார்கள். உலகம் வியக்கும் ஆட்டம் ஆடினார்கள். உண்மை.

ஆனால் அந்த ஆட்டம் எங்கே விளைந்தது? பார்சலோனாவில். அது உறுப்பினர்களுக்குச் சொந்தமான கிளப். அதன் லா மாசியா என்ற இளைஞர் விடுதி 1979ல் தொடங்கியது. குவார்டியோலா அங்கே வளர்ந்த பிள்ளை. அங்கே 1988 முதல் 1996 வரை மானேஜராக இருந்து அந்த முறையை ஊன்றியவர் யோகன் கிரைஃப். அவர் அதைக் கற்றது ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கிளப்பில். அந்தக் கிளப்பில் துப்புரவு வேலை செய்த தாயின் மகன் அவர்! பணம் விளைந்த நெல்லை வாங்கும். நாற்று நட்ட கைகளின் வித்தையை அதனால் படைக்க முடியாது.

உறுப்பினர் உடைமை என்றாலே எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. அதே பார்சலோனா தலைவர்களின் ஊதாரித்தனத்தால் 2021க்குள் 100 கோடி யூரோவுக்கு மேல் கடனில் மூழ்கியது. உடைமை கையில் இருந்தால் போதாது. கணக்குக் கேட்கும் விழிப்பும் வேண்டும்.

எழுபத்தேழாவது நிமிஷம்

1993ல் லிவர்பூல் பூட்ஸ் அறையை இடித்தார்கள். எதற்கு? பத்திரிகைக்காரர்களுக்கு அறை கட்ட! 2007ல் ஹிக்ஸ், ஜில்லெட் என்ற இரண்டு அமெரிக்க முதலாளிகள் கடன் வாங்கி அந்தக் கிளப்பைப் பிடித்தார்கள். ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. 2008ல் சங்கம் அமைத்தார்கள். பெயர் என்ன தெரியுமா? ‘ஷாங்க்லியின் ஆவி’! கூட்டம், ஊர்வலம், முழக்கம். 2010ல் கடன் முற்றி, அந்த இருவரும் கோர்ட்டிலும் தோற்று வெளியேறினார்கள்.

அடுத்து வந்த முதலாளிகள் 2015ல் அமர்த்திய குளோப்புக்கு ஒன்பது வருஷம் கால அவகாசம் கொடுத்தார்கள். பலன் கிடைத்தது: 2019ல் ஐரோப்பியக் கோப்பை, 2020ல் லீக் பட்டம். நல்லது. ஆனால் அவர்களே 2016ல் மிக உயர்ந்த டிக்கெட் விலையை 77 பவுனாக்க முயன்றார்கள். பிப்ரவரி 6. ஆட்டத்தின் 77வது நிமிஷம். சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். சில நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையை இறக்கினார்கள். 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பணக்காரக் கிளப்புகள் தங்களுக்கென்று தனி லீக் அமைக்கக் கிளம்பின. ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். இங்கிலாந்தின் ஆறு கிளப்புகளும் இரண்டே நாளில் பின்வாங்கின.

ஜெர்மனியில் 1998 முதல், சில விலக்குகள் தவிர, கிளப்பின் ஓட்டில் பாதிக்கு மேல் உறுப்பினர் கையில் இருக்க வேண்டுமென்று விதி இருக்கிறது. இங்கிலாந்தில் 2025ல்தான் கிளப்புகளைக் கண்காணிக்கச் சட்டம் வந்தது. அதுவும் தானாகக் கனிந்த பழமல்ல.

ஆட்ட முறை என்பது பல தலைமுறை உழைப்பின் சேமிப்பு. நல்ல மானேஜர் அந்த உழைப்பை ஒன்றுசேர்க்கும் மேஸ்திரி. முதலாளியிடம் இருப்பது இரண்டே அதிகாரம்: ஒன்று, விளையக் காலம் கொடுப்பது; இன்னொன்று, விதையை விற்றுத் தின்பது. எதைச் செய்வதென்று அவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுவதுதான் அநியாயம்.

பந்தை உருட்டியவர்களும், மழையில் நின்று கைதட்டியவர்களும், மைதானத்தைக் கூட்டியவர்களும் சேர்ந்து வளர்த்தது கிளப். அதன் சாவி அவர்கள் கைக்கு வரட்டும்!