கவசம் அணிந்த கம்பி

காலிபோர்னியாவிலுள்ள புல்லர்ட்டன் நகரில் 1950-களில் பெண்டர் கம்பெனியார் செய்த ஒலிபெருக்கிப் பெட்டிகளைக் கிட்டார் வித்வான்கள் இன்றும் பொக்கிஷமாகப் போற்றுகிறார்கள். வால்வுகள் தரும் நாதத்தின் இனிமை அத்தகையது. ஆனால் வித்வான் தந்தியைத் தொடுமுன்பே சில பெட்டிகள் 'உம்' என்று சுருதி போடத் தொடங்கிவிடுகின்றனவே, ஏன்?

கிட்டாரிலிருந்து வரும் மின்சாரம் மிக நுண்ணியது. பெரும்பாலும் ஒரு வோல்ட்டில் சிறு பின்னமே. முதல் வால்வு அதைச் சுமார் 50 மடங்கு பெருக்குகிறது. அந்த வால்வுக்குச் செல்லும் கம்பி, பக்கத்திலுள்ள மின்சாரத் துடிப்பையும் பற்றிக்கொண்டால், அதுவும் கூடவே பெருகும். அமெரிக்க மின்சாரம் விநாடிக்கு 60 தடவை துடிப்பது; அத்துடிப்பே இரைச்சலாகக் கேட்கிறது.

இதற்குப் பரிகாரம் உண்டு. கிட்டாரைச் செருகும் துளையிலிருந்து முதல் வால்வு வரையில், செம்பு வலையுறை போர்த்திய கம்பியை அமைக்க வேண்டும். உறையின் ஒரு முனையை மட்டுமே பூமித் தொடர்புடன் இணைப்பது நலம். இரு முனைகளையும் இணைத்தால், அதுவே வளையமாகிப் புதிய இரைச்சலைத் தரக்கூடும்.

கவசம் நல்லதென்று எல்லாக் கம்பிகளுக்கும் அதை அணிவிக்கலாகாது. உறையிட்ட கம்பி நீள நீள, உச்ச ஸ்வரங்களின் பிரகாசம் மங்கும். வால்வுகளைச் சூடாக்கும் கம்பிகளால் வரும் இரைச்சலுக்கோ, அவ்விரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுவதே மருந்து.

ஓர் எச்சரிக்கை: மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும், பெட்டியிலுள்ள கண்டென்சர்களில் 400 வோல்ட் வரை தேங்கி நிற்கலாம். அது உயிருக்கே உலை வைக்கும். ஆகையால், பெட்டியைத் திறக்கும் பொறுப்பைத் தேர்ந்த தொழிலாளியிடமே விடுவதுதான் விவேகம்.