எட்டே முக்கால் இன்ச்

ஆடிட் என்றால் பாலன்ஸ் ஷீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழிப்பது என்றுதான் பி.காம். எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. திருப்பூரில் இன்னொரு ஆடிட் உண்டு. வெளிநாட்டு பையர் அனுப்பிய ஆசாமி வந்து, பாத்ரூமில் சோப்பு இருக்கிறதா, படிக்கட்டில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்களா என்றெல்லாம் மோப்பம் பிடித்துவிட்டு மார்க் போடுவார். மார்க் குறைந்தால் ஆர்டர் அம்பேல்!

வாரத்துக்கு இரண்டு நாள் நான் கணக்கு எழுதப் போகும் பனியன் கம்பெனியில், போன மாசம் அந்த ஆடிட்டுக்கு முதல் நாள். ரவுண்டு வந்த மேனேஜர் கேட்டருகே சடன் பிரேக் போட்டார். அங்கே பகதூர். காக்கி யூனிஃபார்ம், விசில், இடுப்பில் வளைந்த உறைக்குள் குக்ரி.

(திருப்பூரில் எல்லா கூர்க்காவுக்கும் பகதூர் என்றுதான் பெயர். நாமாக வைத்தது.)

"இதைக் கழட்டி வைப்பா. லேபரை மிரட்டறதுக்கு ஆள் போட்டிருக்கோம்னு எழுதித் தொலைச்சுடுவான்."

"பட்டாளத்துல பதினேழு வருஷம் இதே இடுப்புலதாங்க சார் இருந்துச்சு" என்றார் பகதூர். அவருடைய தமிழில் நேபாளமும் கொங்கும் சரிபாதி.

விஷயம் டீக்கடைக்கு வந்தது. "அங்க யூனிஃபார்மோட கட்டினா கௌரவம், இங்க கட்டினா ரவுடிங்களா? என்னுங்க நியாயம்?" என்றார் கட்டிங் மாஸ்டர். செக்கிங் பையன் விடவில்லை. "ஏனுங்கண்ணா, டிரோன் விடற காலத்துல பட்டாளத்துக்காரருக்கே எதுக்குங்க அவ்ளோ பெரிய கத்தி? சும்மா ஷோவுக்குத்தானே?"

நியாயமான கேள்விதான். வீட்டுக்குப் போயும் குடைந்தது.

1947-ல் வெள்ளைக்காரன் மூட்டை கட்டும்போது பத்து கூர்க்கா ரெஜிமென்ட்கள் இருந்தன. பாகப்பிரிவினையில் ஆறு நமக்கு, நாலு அவனுக்கு. நாம் பிறகு ஒன்று சேர்த்து ஏழாக்கிக் கொண்டோம். துப்பாக்கி எத்தனையோ தடவை மாறிவிட்டது. குக்ரி மட்டும் இரண்டு பக்கமும் மாறவில்லை. தொப்பி பேட்ஜிலேயே இரண்டு குக்ரி குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். பிரிட்டிஷ் ராணுவத்தில் ஆளுக்கு இரண்டு கொடுக்கிறார்கள். பரேடுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று. நம் வீட்டு எவர்சில்வர் மாதிரி, விருந்தாளிக்குத் தனி!

உறையை விட்டு எடுத்தால் ரத்தம் பார்க்காமல் உள்ளே போகாது என்று ஒரு கதை உண்டே, அதைப் பகதூரிடம் கேட்டேன். சிரித்துவிட்டார். விறகு வெட்ட, கறி நறுக்க, புதர் கழிக்க, டின் திறக்க... "தினம் நாலு தடவை எடுப்போமுங்க. ரத்தத்துக்கு எங்க போறது?"

செக்கிங் பையனின் டிரோனுக்கு வருகிறேன். 2020 ஜூன் 15 ராத்திரி, லடாக்கில் கல்வான் பள்ளத்தாக்கு. எல்லைக்கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது என்று சீனாவோடு 1996-ல் போட்ட ஒப்பந்தம். இரண்டு பக்கமும் அணுகுண்டு வைத்திருக்கிறது; அடித்துக்கொண்டது கல்லாலும் கம்பியாலும். நம் தரப்பில் 20 பேர் போய்விட்டார்கள். அதில் ஒருவர் நம் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் ஹவில்தார் பழனி. பீரங்கிப் படைக்காரர்! இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளிக் குண்டு போடும் படையில் இருந்தவர், கைக்கெட்டும் தூரத்துச் சண்டையில் உயிரை விட்டார். மறு வருஷம் வீர் சக்ரா வந்தது. அவரிடம் குக்ரி இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு என்ன தெரியும்? கத்தியின் காலம் முடிந்துவிட்டது என்று டீக்கடையில் உட்கார்ந்து தீர்ப்பு எழுத முடியாது, அவ்வளவுதான்.

ஆபீஸில் உட்கார்ந்தும் எழுதக்கூடாது. 1806-ல் சிப்பாய்க்குப் புதுத் தொப்பி, தாடி கூடாது, நெற்றியில் குறி கூடாது என்று சென்னையிலிருந்து ஒரு உத்தரவு போனது. ஜூலை 10-ந்தேதி விடிவதற்குள் வேலூர்க் கோட்டையே பற்றிக்கொண்டது. கவர்னர் பெண்டிங், தளபதி கிரடாக் இரண்டு பேருக்கும் சீட்டு கிழிந்தது. சிப்பாயின் உடம்பில் இருப்பதில் கை வைக்கும்முன் அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொருகிக் கொள்ளலாமா? அதுவும் இல்லை ஸார். அரிவாளை முதுகில் சொருகி ரீல்ஸ் போட்டு, மறுநாள் ஸ்டேஷனில் ஜட்டியோடு நிற்கும் பையன்களை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? எனக்குப் பயம் கத்தி மேல் இல்லை, கணக்கில் வராத கத்தி மேல். பனியன் கம்பெனியில் நூல் வெட்டும் ட்ரிம்மருக்கு நம்பர் போட்டு மேஜையோடு கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். ஊசி உடைந்தால் அத்தனை துண்டையும் தேடிப் பிடித்து நோட்டில் ஒட்டியாக வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த லாட் நகராது. ராணுவத்துக் கத்தியும் இப்படித்தான். யார் கையில், எதற்காக என்று பதில் சொல்ல ஒரு மேலதிகாரி இருக்கிறார். அது யூனிஃபார்மோடு இருக்கட்டும் என்பது என் கட்சி.

என் கட்சியில் ஒரு ஓட்டை இருப்பதைப் பகதூர்தான் காட்டினார். விஷ்ணு ஷ்ரேஸ்தாவைத் தெரியுமா என்றார். எட்டாவது கூர்க்கா ரைஃபிள்ஸ்காரர். (நம் குன்னூரில் வாழ்ந்த ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷாவின் ரெஜிமென்ட்.) 2010 செப்டம்பரில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மௌரியா எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். மேற்கு வங்காளத்தில் சித்தரஞ்சன் பக்கம் நாற்பது பேர் கொண்ட கொள்ளைக் கும்பல் ஏறியது. பர்ஸ், வாட்ச், நகை எல்லாம் கேட்டார்கள். கொடுத்துவிட்டுச் சும்மாதான் இருந்தார். பக்கத்திலிருந்த பதினெட்டு வயசுப் பெண் மேல் கை வைத்தபோது எடுத்தார் குக்ரியை. மூன்று பேர் அங்கேயே காலி, எட்டுப் பேருக்குக் காயம், மிச்சம் ஓட்டம். அவருக்கு இடது கையில் பலத்த வெட்டு. சேனா பதக்கம் கொடுத்தார்கள்.

"அன்னிக்கு அவர் யூனிஃபார்ம்ல இல்லீங்க சார்" என்றார் பகதூர். நான் டீயைக் குடித்தேன்.

ஆடிட் கதையை முடித்துவிடுகிறேன். மேனேஜர் ஒரு சமரசம் கண்டுபிடித்தார். உறை இடுப்பில் இருக்கலாம், கத்தி கூடாது! தொளதொளவென்று தொங்கிய உறைக்குள் பனியன் வேஸ்ட்டைத் திணித்தார்கள். வந்த ஆடிட்டர் அம்மா பகதூரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். மார்க்கும் நல்ல மார்க்.

மறுநாள் கத்தியைத் திருப்பிக் கொடுக்கும் முன் கட்டிங் மாஸ்டர் இன்ச் டேப் வைத்து அளந்தார். ஆயுதச் சட்ட விதிப்படி 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலம் தாண்டினால் வில்லங்கம். நீளம் எட்டே முக்கால், அகலம் ஒண்ணே முக்கால். "பாஸுங்க!" என்றவர், என் வியாக்கியானத்தைக் கேட்டு நொந்தவராதலால், ஊசி ட்ரிம்மர் எழுதும் நோட்டை என் பக்கம் தள்ளினார். "கணக்குலயே கொண்டு வந்துருங்க."

குக்ரி - 1 என்று எழுதினேன். அடுத்த கட்டம், வைத்திருப்பவர் பெயர். பேனா நின்றுவிட்டது. செக்யூரிட்டி ஏஜென்சி பில்லில் 'கார்டு - 2 பேர்' என்றுதான் வரும். ஆறு வருஷமாக மாசாமாசம் அந்த பில்லை பாஸ் பண்ணுவது நான்.

மாஸ்டர் கேட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏனுங்க பகதூரு, உங்க பேரு என்னுங்க?"