"சாப்டியா?" – குறுஞ்செய்தியும் பேச்சுத் தமிழும்

"எஸ்எம்எஸ் வந்து தமிழைக் கெடுத்துவிட்டது" என்ற புகார், கைப்பேசி வாங்கிய மறுநாளே பிறந்திருக்க வேண்டும்! பட்டிமன்ற மேடையில், ஆசிரியர்களின் ஓய்வறையில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று எங்கும் கேட்கலாம். ஆனால் கெட்டது எது என்று யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. பேசும் தமிழா? எழுதும் தமிழா? அல்லது அ, ஆ என்ற எழுத்துகளா? மூன்றும் வேறு வேறு விஷயங்கள்.

தமிழுக்கு எப்போதும் இரண்டு முகம். வீட்டில் "வந்துட்டிருக்கேன்" என்பவர், கடிதத்தில் "வந்துகொண்டிருக்கிறேன்" என்று எழுதுவார். மொழியியலார் இதை இரட்டை வழக்கு என்பார்கள். மகனிடம் "என்னடா, ஒடம்பு எப்டி இருக்கு?" என்று கேட்கும் அதே அப்பா, விடுதிக்கு எழுதும் கடிதத்தை "நலம், நலமறிய ஆவல்" என்றுதான் தொடங்குவார். பேச்சு மொழியை எழுத்தில் பார்க்க வேண்டுமென்றால் கி. ராஜநாராயணன் போன்றவர்களின் கதைகளையோ, பத்திரிகை நகைச்சுவைத் துணுக்குகளையோ தேட வேண்டும். சாதாரண மனிதர்கள் தங்கள் பேச்சைத் தாங்களே எழுதிக்கொள்ளும் வழக்கம் மிகக் குறைவு.

அந்தச் சுவரை இடித்தது குறுஞ்செய்திதான். 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் முதல் குறுஞ்செய்தி, ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்தாக, கணினியிலிருந்து கைப்பேசிக்குப் போனது. ஒரு செய்திக்கு 140 பைட்தான் இடம். ஆங்கில எழுத்தென்றால் அதில் 160 அடங்கும். தமிழை யூனிகோடில் அனுப்பினால் 70 இடம்தான். அதிலும் "கொடுக்கிறேன்" என்ற சொல் கண்ணுக்கு 6 எழுத்து. கணினிக்கோ கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி என்பதால் 12 இடம்! ஒவ்வொரு செய்திக்கும் காசு போன காலத்தில் இது யாருக்குக் கட்டுப்படியாகும்? பல கைப்பேசிகளில் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது என்பது தனிக் கதை. (2005-இல் சிங்கப்பூரில் வெளியான செல்லினம் போன்ற முயற்சிகள் இருந்தும், பெரும்பாலானோர் கைக்கு அவை வந்து சேரவில்லை.)

ஆக, ஆங்கில எழுத்தில் தமிழ். எழுத்து மாறியதும் ஒரு வேடிக்கை நடந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணமெல்லாம் அ, ஆ என்ற எழுத்துகளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆங்கில எழுத்தில் எழுதும்போது திருத்த ஆசிரியர் இல்லை, சிவப்பு மை இல்லை. வாய் சொன்னது அப்படியே விரலில் வந்தது. "சாப்டியா?", "எங்க இருக்க?", "வரேன் இரு". திருநெல்வேலிக்காரர் "வாரேன்" என்றே தட்டினார், கோவைக்காரர் "வாங்கோ" என்றார், யாழ்ப்பாணத்துக்காரர் "என்ன செய்யிறாய்?" என்று கேட்டார். வட்டார வழக்கு இவ்வளவு தாராளமாகத் தினசரி எழுத்துக்குள் வந்தது இதற்கு முன் எப்போது? இதையா கெடுத்துவிட்டது என்பது!

தமிழுக்கு மட்டும் நடந்ததல்ல இது. சுவிட்சர்லாந்தில் பள்ளியில் எழுதுவது ஏட்டு ஜெர்மன். இளைஞர்கள் குறுஞ்செய்தியில் எழுதுவது வீட்டில் பேசும் சுவிஸ் ஜெர்மன். அரபு இளைஞர்கள் ஆங்கில எழுத்தில் இல்லாத ஒலிகளுக்கு 3, 7 என்று எண்களையே எழுத்தாக்கிக்கொண்டார்கள். இரட்டை வழக்கு உள்ள மொழிகளில் பேச்சு எங்கே இடுக்கு கிடைக்கும் என்று காத்திருந்தது போலும்.

பேச்சு எழுத்துக்கு வந்தபோது தன்னோடு ஒரு நல்ல சாமானையும் கொண்டுவந்தது. குரல் இல்லாத இடத்தில் "சரி" என்ற ஒற்றைச் சொல் எவ்வளவு ஆபத்தானது என்று காதலர்களைக் கேட்டால் சொல்வார்கள். "சரி" என்றால் கோபம். "சரிங்க" என்றால் மரியாதை. "சரிப்பா" என்றால் சமாதானம். "சரிடா" என்றால் நட்பு. "சரிம்மா தாயே" என்றால் சரணாகதி! வெறும் "கே" என்று ஓர் எழுத்து வந்தால் அன்றைய இரவு தூக்கம் போச்சு. ஆங்கிலேயர் சிரிப்புப் பொம்மை போட்டுக் காட்ட வேண்டிய தொனியில் பாதியைத் தமிழ் ஒரு விகுதியிலேயே முடித்துவிடும். இந்தச் சின்ன ஒட்டுகள் பாடப்புத்தகத் தமிழில் கிடையாது, பேச்சில் மட்டுமே உண்டு.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. "மிஸ்டு கால் குடு", "ஃபார்வர்டு பண்ணு", "ப்ளூ டிக் வந்துடுச்சு, பதில் இல்ல" என்பவை கைப்பேசி பேச்சுக்குத் தந்தவை. சிரிக்காமலே "லோல்" என்று வாயால் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இதில் பயப்பட ஒன்றுமில்லை. "தந்தி மாதிரி பேசாதே" என்ற கிண்டலும் ஒரு கருவி தந்ததுதான். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றே போனது. "பண்ணு" என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு எந்த ஊர்ச் சொல்லையும் தமிழ் செரித்துவிடும்.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. ஆங்கில எழுத்தில் ந, ன, ண மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. பலர் எழுதும் விதத்தில் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்துதான். பாட்டி, பட்டி, பத்தி மூன்றையும் ஒரே ஐந்து எழுத்தில் எழுதி, "இடம் பார்த்துப் புரிஞ்சுக்கோ" என்று விட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு இது வெறும் சுருக்கெழுத்து. ஆனால் ஆங்கிலவழிப் பள்ளியில் வேறு மொழியை எடுத்துப் படித்த பிள்ளைக்கு, தமிழில் அது எழுதும் முதல் வாக்கியமே ஆங்கில எழுத்தில்தான். அந்தப் பிள்ளை அம்மாவோடு தமிழில் மணிக்கணக்காகப் பேசும், நூறு செய்தி அனுப்பும். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தடுமாறும். பேச்சும் எழுத்தும் எவ்வளவு நெருங்கினாலும் இந்த விரிசலை அது ஒட்டாது.

"இப்போதுதான் எல்லாக் கைப்பேசியிலும் தமிழ் விசைப்பலகை இருக்கிறதே?" என்று கேட்கலாம். இருக்கிறது, காசுக் கணக்கும் 70 இடக் கணக்கும் வாட்ஸ்அப்பில் காணாமல் போயின. இருந்தும் பழகிய விரல் ஆங்கில எழுத்துக்கே போகிறது. தமிழில் தட்டுபவர்களுக்கும் ஒரு புதுச் சிக்கல். அடுத்த சொல்லை முந்திக்கொண்டு நீட்டும் விசைப்பலகை, தன் பட்டியலில் இருக்கும் சொல்லைத்தான் நீட்டும். "வாரேன்" என்று தட்ட நினைத்தவர், முன்னால் வந்து நிற்கும் "வரேன்" மேல் சோம்பேறித்தனமாக விரலை வைத்துவிடுகிறார். இதையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு, கிராமத்துப் பாட்டிகள் குரல் பதிவுக்குப் போய்விட்டார்கள். "ஏலே, எப்ப வார?" என்று சேவல் கூவும் சத்தத்தோடு வருகிறது செய்தி. பேரன் அதற்கு ஆங்கில எழுத்தில் பதில் அடிக்கிறான். அதைப் பாட்டிக்குப் படித்துச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பெண் வர வேண்டியிருக்கிறது.