சோதிப்போர் பலர், பொறுப்பாளர் யார்?

வெப்பமானியை ஒருவரும் அபாயமணியை இன்னொருவரும் சோதித்துக் கையெழுத்திடுவர். இரண்டையும் இணைக்கும் மின்கம்பி அறுந்து கிடப்பதை எவரும் காணார். இரசாயன ஆலையில் இஃது உயிர் குடிக்கும். 1984 டிசெம்பரிற் போபாலில் நச்சுவாயு பரவிய இரவு, குளிரூட்டி நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்குங் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. காரநீராற் கழுவுங் கலம் ஓய்வில் இருந்தது. அளவுமானிகளோ பணியாளரின் நம்பிக்கையை முன்னரே இழந்தவை. தனித்தனியே ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லலாம்; அனைத்தையும் ஒருசேர நோக்கி, "ஆலையை நிறுத்துக" என்று சொல்லும் அதிகாரம் எவருக்கேனும் இருந்ததா?

ஆதலின் மின்சாதனம், அளவுக்கருவி, அபாயமணி ஆகிய யாவற்றின் சோதனையும் ஒரே பதிவேட்டில், ஒருவர் பொறுப்பில் அமைதல் வேண்டும். எல்ல, பதுளைத் தேயிலைத் தொழிற்சாலைகளில் உலர்த்தும் இயந்திரத்தைக் கண்காணிக்கும் நம் பழைய மாணவர்க்கும் இது பொருந்தும். பொறுப்பாளர் கையெழுத்திடாத நாளில் இயந்திரம் ஓடலாகாது, தோட்டத்துரையே வந்து சொன்னாலும்.