வெயில் தோட்டத்திற்கு உகந்த தரைச்செடி

நல்ல வெயில் படும் பள்ளித் தோட்டங்களிலும் அலுவலக முற்றங்களிலும் தரையை மூடி மஞ்சள் மலர் தாங்கும் வெடீலியாச் செடியை நாட்டின் பல பகுதிகளிலும் காணலாம். சூரியகாந்திக் குடும்பத்தைச் சார்ந்த இப்பல்லாண்டுச் செடி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்ததாகும். ஒரு தண்டுத் துண்டை நட்டாலே போதும், படர்ந்துவிடும். பலரும் இதனை விரும்புவதற்குக் காரணம் இவ்வெளிமையே. இதனை விலக்க வேண்டும் என்று நாம் கூறுவதற்கும் அதுவே காரணம்.

தரையைத் தொடும் ஒவ்வொரு கணுவிலும் இது வேர்விடுகிறது. கத்தரித்து எறிந்த துண்டுகள் வாய்க்கால் வழியே சென்று கரைகளில் ஊன்றி, அங்குள்ள புல்பூண்டுகளை மூடி நசுக்குகின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட, உலகின் மிகக் கொடிய 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று.

இதற்கு ஈடாக இதன் பேரினத்தையே சார்ந்த நம் நாட்டுச் செடி உண்டு. அதுவே மஞ்சள் கரிசலாங்கண்ணி, வடமொழியில் பீதபிருங்கராஜம். அதுவும் தாழப் படர்ந்து மஞ்சளாய்ப் பூப்பது. வெயிலோடு ஈரமும் வேண்டுவதால் கிணற்றடிக்கும் குழாயடிக்கும் மிகப் பொருத்தம்.

இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். அயல்செடியின் இலை அகன்று, பெரும்பாலும் மூன்று மடல் கொண்டது. நாட்டுச்செடியின் இலை மடலின்றிக் குறுகி நீண்டது. இவ்வேறுபாட்டை அறியாது கீரையெனப் பறித்துச் சமைப்பது தகாது.

ஆசிரியர்கள் இரு இலைகளையும் மாணவர் கையில் கொடுத்து விளக்குவார்களாக. களப்பணியாளர்கள் அயல்செடியின் துண்டுகளை நீரோட்டத்தில் எறியாது, முற்றும் உலர்த்தி அழிப்பார்களாக.