தென்காசி வந்தா எழுப்பு

"மச்சி, நான் கொஞ்சம் கண்ணசர்றேன். தென்காசி வந்தா எழுப்பு."

விருதுநகர் தாண்டி அஞ்சு நிமிஷம் கூட ஆகலை. பயல் காலை நீட்டிட்டான். மதுரையில் ஏறும்போது ஜன்னல் சீட்டுக்கு அந்தப் பாடு படுத்தினவன். "மலைப்பாதை ரயில்ல போகணும், கேரளா வரைக்கும் பச்சைப் பசேல்னு பார்க்கணும்"னு சென்னையில இருந்து மெனக்கெட்டு கிளம்பி வந்தவன். அவன் போட்ட கணக்குப்படி மலை செங்கோட்டைக்கு அப்புறம்தான். அதுவரைக்கும் வருவது வெறும் பொட்டக்காடு, தூங்கினால் நஷ்டமில்லை.

அந்தப் பொட்டக்காடுதான் எங்க ஊரு. எனக்கு சுருக்குனு வந்திருச்சு.

(ஊர்னு சொன்னது குளத்தூர். விளாத்திகுளத்திலிருந்து தூத்துக்குடி போற ரோட்டில் இருக்கிற குளத்தூர். தமிழ்நாட்டில் குளத்தூர்கள் ஏராளம், அதனால இந்த முன்னெச்சரிக்கை. இந்த ரயில் எங்க ஊருக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனா மண்ணு ஒண்ணுதான்.)

அவனை மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்ண? செங்கோட்டை - புனலூர் பாதையைப் பற்றி யார் எழுதினாலும் செங்கோட்டையில்தான் ஆரம்பிக்கிறார்கள். குகை, பாலம், தென்மலை, அருவி, முடிஞ்சது. அதுக்கு முந்தின நாலு மணி நேரத்துக்கு ஒரு வரிகூட கிடையாது. நான் சொல்றது இதுக்கு நேர் எதிர். இந்தப் பயணத்தில் பாதி அழகு விருதுநகருக்கும் பாம்புக்கோவில் சந்தைக்கும் இடையில்தான் இருக்கிறது. அதைத் தூங்கிக் கழித்தவனுக்கு மலைப்பாதை வெறும் வால்பேப்பர்.

ஊர்ப்பாசத்தில் உளறுறான்னு நினைக்காதீங்க. காரணத்தோடுதான் சொல்றேன்.

முதலில், என்ன தெரியும்? வானம் தெரியும். மறைக்க ஒண்ணும் இல்லாததால் அம்புட்டு வானமும் தெரியும். மழை வருவதை ரெண்டு ஊர் தள்ளி இருக்கும்போதே பார்க்கலாம். ராஜபாளையம் நெருங்க நெருங்க வலது பக்கம் மலை நீலமா எழும்பி வந்து, பிறகு விட்டு விலகாமல் கூடவே வரும். வலது பக்கம் உட்காருங்க. நடுவில் உடைமரம், பனை, எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேல். சங்கரன்கோவில் பக்கம் கரிசல் விரிந்து கிடக்கும். கோடையில் கை நுழையுற அளவுக்கு வெடிப்பு. மழை பெய்தால் அதே மண் பசையாகிச் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும்.

எல்லோரும் ஆனி, ஆடியில் போகச் சொல்வார்கள். தென்மேற்குப் பருவமழை, குற்றால சீசன், அருவியில் தண்ணீர். வாஸ்தவம்தான். ஆனால் அப்போது கரிசல் காய்ந்து கிடக்கும், காத்து மண்ணை வாரி மூஞ்சியில் அடிக்கும். அந்த நேரம் பார்த்தவன் பொட்டக்காடுனுதான் சொல்வான். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். புரட்டாசியில் விதைத்ததெல்லாம் மார்கழியில் பச்சை கட்டி நிற்கும். கம்பு, சோளம், உளுந்து, பாசி, பருத்தி, மல்லி, இப்போ மக்காச்சோளம். மார்கழிக் காலை வெயிலில் ரயில் ஜன்னலில் உட்கார்ந்து அந்தக் கரிசலைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்க. ஒரு தடவை ஆடியில், ஒரு தடவை மார்கழியில், ரெண்டு தடவை போனால்தான் இந்தப் பாதையைப் பார்த்ததாகக் கணக்கு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 1986 மார்கழி. பெரியப்பா புனலூரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அங்கே பெரியம்மாவுக்குக் குழந்தை பிறந்ததைப் பார்க்க ஆச்சி என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். எனக்கு 9 வயசு. குளத்தூரிலிருந்து பஸ் மாறி மாறி விருதுநகர், அங்கிருந்து மீட்டர்கேஜில் கொல்லம் பாசஞ்சர். கரி எஞ்சின். தலையை வெளியே நீட்டினால் கண்ணில் தூசி விழும், ஆச்சி முந்தானையை ஊதி ஒத்தடம் கொடுப்பாள். திரும்பவும் நீட்டுவேன்.

குகைக்குள் வண்டி நுழைந்ததும் பெட்டியில் எல்லாப் பிள்ளைகளும் ஓன்னு கத்தினோம். வெளியே வந்தால் கேரளா. பாறையில் தண்ணி வழியுது, ஓடையில் தண்ணி, பாலத்துக்குக் கீழே தண்ணி. நான் துள்ளிக் குதிக்கிறேன், ஆச்சி மட்டும் சத்தமே இல்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே வந்தவள் எதிர் சீட்டு மலையாளத்தம்மாவிடம் கேட்டாள்: "தாயி, இம்புட்டுத் தண்ணியும் எங்கன போயிச் சேருது?"

அந்தம்மாவுக்குப் புரியலை. ஏதோ சிரித்தார். "சும்மாத்தான் போகுது போல"னு ஆச்சி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீட்டுக்கு ரெண்டு குடம் நல்ல தண்ணிக்காக ஒரு மைல் நடந்தவள். அவளுக்கு அது அழகாகத் தெரிந்ததா என்னனு எனக்கு இன்னைக்கும் தெரியலை.

திரும்பி வரும்போதுதான் வேடிக்கை. மலையில் தூங்கி வழிந்தவள் சங்கரன்கோவில் தாண்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். வாய் ஓயலை. "பிந்தி விதைச்சிருக்கான், இது தேறாது." "இவன் பருத்திக்குள்ள உளுந்து போட்டிருக்கான் பாரு, கெட்டிக்காரன்." "எந்தச் சோம்பேறி காடு இது, களையெடுக்காமக் கெடக்கு." ஓடுற ரயிலில் இருந்து ஒவ்வொரு காட்டையும் அதன் சொந்தக்காரனையும் பெயர் தெரியாமலே எடை போட்டுக்கொண்டு வந்தாள். எங்களுக்குப் பொழுதுபோக்கு மலை, அவளுக்கு அது.

இப்போ மழைக் கணக்குக்கு வர்றேன். கோவில்பட்டிப் பக்கம் வருஷத்துக்கு 700 மி.மீ. மழை கிடைத்தாலே நல்ல வருஷம். மலைக்கு அந்தாண்டை புனலூர்ப் பக்கம் 2,500 மி.மீட்டரைத் தாண்டும். தென்மேற்கிலிருந்து வரும் மேகம் மலையில் முட்டி அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு, வெறுங்கையோடு நம் பக்கம் இறங்குகிறது. செங்கோட்டைக் கணவாய் தாழ்வாக இருப்பதால் அந்த இடுக்கு வழியாகக் கொஞ்சம் ஈரம் தப்பித்து வந்து தென்காசி, குற்றாலத்தில் சாரலாகத் தூறும். அதற்குக் கிழக்கே காத்து மட்டும்தான் மிச்சம். அந்தக் காத்தில்தான் கயத்தாறு வரைக்கும் காற்றாலைகள் சுத்துகின்றன. பள்ளிக்கூடத்தில் மழைமறைவுப் பிரதேசம்னு மனப்பாடம் பண்ணினோமே, அதை ஒரே மத்தியானத்தில் ஜன்னல் வழியாகப் பார்க்க இதைவிட வேறு ரயில் எனக்குத் தெரியாது. கறுப்பு மண், கடையநல்லூர் வந்ததும் நெல்லும் தென்னையும், செங்கோட்டையில் முகத்தில் குளிர்காத்து, பகவதிபுரம், குகை, பிறகு காடு. அந்த வரிசையில் முதல் பாதியைக் கிழித்துப் போட்டுவிட்டு மீதியை மட்டும் படித்தால் என்ன புரியும்?

சரி, மலைப்பாதை. என்ன எதிர்பார்க்கலாம், என்ன கூடாது?

1904-ல் திறந்த பாதை. 2010 செப்டம்பரில் மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்தினார்கள், 2018 ஜூனில்தான் அகலப்பாதையாக முழுசும் திறந்தது. செங்கோட்டையிலிருந்து புனலூர் 49 கிலோமீட்டர்தான், ஏறக்குறைய ரெண்டு மணி நேரம் ஆகும். மெதுவாகத்தான் போகும், அதுதான் வேணும். முன்னால் ஒரு எஞ்சின், பின்னால் தள்ளிவிட இன்னொன்று. நடுப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தால் வளைவுகளில் முன்பாதி வண்டியைப் பார்க்கலாம்.

கழுதுருட்டிப் பக்கம் இருக்கும் பதிமூன்று கண் பாலத்தை நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் போகிறார்கள். ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நீங்கள் போட்டோவில் பார்த்த அந்தப் பதிமூன்று வளைவும் கீழே ரோட்டில் போறவனுக்குத்தான் தெரியும். மேலே ரயிலில் இருப்பவனுக்குக் கைப்பிடியும் காத்தும்தான் :-) பாலத்தை ரசிக்கணும்னா ஒரு தடவை பஸ்ஸில் போங்க. அதேபோல் ரெண்டு மணி நேரமும் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும்னு நினைக்காதீங்க. பல இடத்தில் மரம் ஜன்னலை அடைத்துக்கொள்ளும். புனலூர் நெருங்கும்போது ரப்பர் மரம், ரப்பர் மரம், மறுபடியும் ரப்பர் மரம். போன் சிக்னல் போய்ப் போய் வரும், அது நல்லதுக்குத்தான்.

வண்டி விஷயத்தில் ஏமாந்துடாதீங்க. சென்னையிலிருந்து வரும் கொல்லம் வண்டியும், இப்போ தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் பாலருவியும் நம்ம பக்கமிருந்து போகையில் மலையை இருட்டில் கடக்கிற வண்டிகள். பகலில் போக 2023-லிருந்து ஓடும் மதுரை - குருவாயூர் எக்ஸ்பிரஸ்தான் சரி. முற்பகலில் மதுரையில் ஏறினால் மத்தியானம் தாண்டி மலை. நேரத்தை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கோங்க. கோவில்பட்டிக்காரர்கள் கழுகுமலை வழியாக பஸ்ஸில் சங்கரன்கோவில் போய் ஏறலாம், ஆனால் பாதிக் கரிசலை ரோட்டில் பார்த்த கணக்காகிவிடும். ஏ.சி. பெட்டி வேண்டவே வேண்டாம். அழுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து காத்தும் வாசமும் இல்லாமல் எதுக்குப் போகணும்? மழைத்துளி விழுந்த கரிசல் ஒரு வாசம் விடும், அது கண்ணாடிக்குள் வராது. டிசம்பரில் சீக்கிரம் இருட்டும்ங்கிறதையும் ஞாபகத்தில் வையுங்க. ஒரு மார்கழியில் நான் ஏறின வண்டி எதிர்வண்டிக்காக ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்னு நின்னு, புனலூர் பாதி வழியிலேயே பொழுது அடைஞ்சிருச்சு. கூட்டிப்போன பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கே...

சோத்தைக் கட்டிக்கொண்டு போங்க. புளிச்சோறும் பருப்புத் துவையலும் போதும். ராத்திரி திரும்பும்போது செங்கோட்டையில் இறங்கினால் பார்டர் புரோட்டா இருக்கிறது, அதுக்கு என் சிபாரிசு தேவையில்லை.

எங்க கரிசல் யார் கண்ணிலும் படலைங்கிற வருத்தம் சும்மா வரலை. நாகர்கோவில் வந்தே பாரத் 2024 ஆகஸ்ட் 31-லிருந்து பட்டப்பகலில் கோவில்பட்டி வழியாகப் போகிறது. பெரிய பெரிய ஜன்னல். நான் போன அன்னைக்கு என் பெட்டியில் சாத்தூர் தாண்டும்போது பாதி ஜன்னலில் திரையை இறக்கி விட்டிருந்தார்கள். போனில் படம் பார்க்க வெளிச்சம் இடைஞ்சலாம்.

இன்னொரு கூத்து. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, விளாத்திகுளம் வழியாகத் தூத்துக்குடிக்குப் புது ரயில்பாதை. 2011-12 பட்ஜெட்டில் ஒப்புதல் வாங்கியது. மொத்தம் 143 கிலோமீட்டர் சொச்சம். குளத்தூரும் அந்தப் பாதையில்தான். தூத்துக்குடிப் பக்கமிருந்து மீளவிட்டான் - மேலமருதூர் 18 கிலோமீட்டர் போட்டார்கள். 2025 ஜனவரியில் திடீர்னு திட்டமே கைவிடப்பட்டதுனு மத்திய அமைச்சர் சொன்னதாகச் செய்தி. ஊரே பேசிக்கிட்டுக் கிடந்தது. அப்புறம் விளக்கம் வந்தது: பேட்டி நடந்த இடத்தில் இரைச்சல், கேட்டது தூத்துக்குடி, அவர் காதில் விழுந்தது தனுஷ்கோடி. அவ்வ்வ்! இரைச்சலில் காணாமப் போய் விளக்கத்தில் திரும்பக் கிடைத்த ஊர் எங்க ஊராத்தான் இருக்கும். நான் இதை எழுதுற நாள் வரைக்கும் குளத்தூரில் ரயில் சத்தம் கேட்கலை. வந்தால் அது முழுக்க முழுக்கக் கரிசலிலேயே ஓடும், மலை கிலை ஒண்ணும் வராது. எத்தனை பேர் ஜன்னலைத் திறந்து வைப்பாங்கனு பார்க்கணும்.

நண்பன் கதைக்கு வர்றேன். தென்காசி வரைக்கும் நான் பொறுக்கலை. சங்கரன்கோவில் நெருங்கும்போதே உலுக்கி எழுப்பிட்டேன். கண்ணைக் கசக்கிட்டு வெளியே பார்த்தான். நல்ல மார்கழி, கண்ணுக்கு எட்டினவரைக்கும் பச்சை.

"வந்துருச்சா மலை?"

"இன்னும் இல்ல. இதைப் பாரு."

கொஞ்ச நேரம் பார்த்தான். "அது என்னடா பயிர், மஞ்சளாப் பூத்திருக்கே, அந்த வரப்பு ஓரத்துல?"

எனக்குத் தெரியலை. வண்டி வேகம் எடுத்துவிட்டது. பாசியா, தட்டாம்பயறா, வேற ஏதாவதா, முழிச்சேன். ஆச்சி இருந்தா பயிரோட பேரையும் சொல்லி, விதைச்சவனையும் ரெண்டு வார்த்தை திட்டியிருப்பா.