குடலுக்குள்ள ஒரு பொலிப்: வெட்டுறதா, சுடுறதா?

இந்த முறை கொஞ்சம் கூச்சமான விஷயம். பிரஷர், சுகர், கொலஸ்ட்ரோல் எல்லாம் நாங்கள் சாப்பாட்டு மேசையிலேயே கதைப்போம். மலப் பரிசோதனை என்று தொடங்கினால் மட்டும் யாராவது ரீவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள்.

ஒன்ராறியோவில் பெருங்குடல் புற்றுநோய்க்கான பரிசோதனைத் திட்டம் 2008இல் தொடங்கியது. 2019இல் இருந்து அதில் 'ஃபிட்' என்ற சோதனை பாவிக்கப்படுகிறது. 50 வயதிலிருந்து 74 வரை, நோய்க்குறி எதுவும் இல்லாதவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்யவேண்டும். குடும்ப வைத்தியர் எழுதிக் கொடுத்தால் பெட்டி தபாலில் வீட்டுக்கு வரும். கண்ணுக்குத் தெரியாத இரத்தம் மலத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. இருந்தால் எட்டு வாரத்துக்குள் கொலனோஸ்கோப்பி செய்யவேண்டும் என்பது இங்கத்தைய வழிகாட்டல். ஒஹிப் இருந்தால் செலவு இல்லை.

என்ட அப்பாவுக்கு அந்தப் பெட்டி வந்து, மூன்று மாதம் மைக்ரோவேவுக்கு மேலேயே கிடந்தது. கேட்டால், "உள்ளுக்குள்ள கரண்ட் வைச்சுச் சுடுவாங்களாம் தம்பி. குடல் ஓட்டையாப் போச்செண்டால் ஆர் பாக்கிறது?" என்றார். கோயிலில் யாரோ சொன்ன கதை. பயம் நியாயமானதுதான், அதனால் அதற்குப் பதில் தேடினேன்.

பொலிப் என்பது குடலின் உட்சுவரில் முளைக்கும் சின்னச் சதை. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. அடினோமா போன்ற சில வகைகள் மட்டும் மெல்ல மெல்ல, பொதுவாகப் பத்து வருடமளவில், புற்றுநோயாக மாறலாம். அதற்கு முன்பே எடுத்துவிட்டால் அந்தக் கதை அதோடு முடிந்தது. 1993இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், அடினோமாக்களை எடுத்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வருவது, எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 வீதம் குறைந்திருந்தது. என்னைப்போல மென்பொருள் வேலை செய்பவர்களுக்குச் சொன்னால், பிழையை ரிலீஸுக்கு முதலே பிடிக்கிற மாதிரி.

ஒரு காலத்தில் பெரிய பொலிப் என்றால் வயிற்றை வெட்டித்தான் எடுப்பார்கள். 1969இல் நியூயோர்க்கில் ஹிரோமி ஷின்யா என்ற வைத்தியர் கொலனோஸ்கோப் குழாய்க்குள்ளால் ஒரு கம்பி வளையத்தை அனுப்பி, பொலிப்பைச் சுருக்குப் போட்டு எடுத்தார். இன்றைய முறைகளுக்கு அடித்தளம் அந்தச் சுருக்குத்தான். எதைப் பாவிப்பது என்பதைப் பொலிப்பின் அளவும் வடிவமும் முடிவு செய்யும்.

ஒன்றிரண்டு மில்லிமீற்றர் என்றால் சின்ன இடுக்கியால் கிள்ளி எடுக்கலாம். அதற்கு மேல் கிள்ளினால் மிச்சம் நின்றுவிடக்கூடும். அதனால் 9 மில்லிமீற்றர் வரைக்கும் கரண்ட் இல்லாத சுருக்கைத்தான் வழிகாட்டல்கள் சொல்கின்றன. இதற்குப் பெயர் 'கோல்ட் ஸ்னேர்'. பொலிப்போடு சுற்றியுள்ள நல்ல தோலிலும் ஒரு சின்ன ஓரத்தைச் சேர்த்து வெட்டிவிடுவார்கள். உடனே கொஞ்சம் இரத்தம் கசியும், பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும்.

'ஹொட் ஸ்னேர்' என்றால் அதே சுருக்கில் கரண்ட் பாயும். வெட்டும்போதே இரத்தம் நிற்கும். ஆனால் சூடு ஆழமாக இறங்கும். சில நாள் கழித்துப் பொருக்கு விழும்போது இரத்தம் வரலாம். தைவானில் 4270 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. 4 முதல் 10 மில்லிமீற்றர் வரையான பொலிப்புகளில், பிந்தி வரும் இரத்தப்போக்கு கோல்ட் முறையில் 0.4 வீதம், ஹொட் முறையில் 1.5 வீதம். இரண்டுமே குறைவு, கோல்ட் இன்னும் குறைவு.

அப்ப சூடு தேவையில்லையா? தேவை. காளான் மாதிரித் தண்டோடு தொங்கும் பெரிய பொலிப்பின் தண்டுக்குள் இரத்தக்குழாய் ஓடும். அங்கே கரண்ட்தான் பாதுகாப்பு. 20 மில்லிமீற்றருக்கு மேல் தட்டையாகப் படர்ந்திருந்தால், அடியில் திரவம் ஊசியால் ஏற்றி, கொப்புளம்போல உயர்த்திவிட்டு எடுப்பார்கள். துண்டு துண்டாக எடுத்தால் ஆறு மாதமளவில் திரும்பப் பார்க்கவேண்டும். ஆரம்பப் புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால், ஜப்பானில் வளர்ந்த இன்னொரு முறையில் மின்கத்தியால் ஒரே துண்டாகச் சீவி எடுப்பார்கள். நேரம் கூட, ஓட்டை விழும் ஆபத்தும் கூட, கை பழகியவர்கள்தான் செய்யவேண்டும். ரொறன்ரோவில் சென் மைக்கல்ஸ் மருத்துவமனை போன்ற இடங்களில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு.

இதைக் கேட்டுவிட்டு அப்பா பெட்டியை அனுப்பினார். பொசிட்டிவ். கொலனோஸ்கோப்பியில் இரண்டு சின்னப் பொலிப், இரண்டுமே கரண்ட் இல்லாமல் எடுத்தாயிற்று. அடினோமா என்று றிப்போர்ட் வந்தது. அடுத்தது எப்போது என்று வைத்தியர் திகதி சொல்லிவிட்டார்.

உங்கள் வீட்டில் யாராவது போவதென்றால் இவற்றை மறக்காதீர்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும், தாங்களாக நிறுத்தக்கூடாது. பிந்தி வரும் இரத்தப்போக்கு இரண்டு வாரம் வரைக்கும் வரலாம். ஊர்த் திருவிழாவுக்கு ரிக்கற் போட்டிருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் நிறைய இரத்தம் போனாலோ, கடுமையான வயிற்றுவலியோ காய்ச்சலோ வந்தாலோ நேரே எமர்ஜென்சிதான். எத்தனை பொலிப், என்ன அளவு, எந்த வகை என்று கேட்டு, றிப்போர்ட்டை வாங்கி வைத்திருங்கள்.

பெற்றோருக்கோ சகோதரங்களுக்கோ இந்தப் புற்றுநோய் வந்திருந்தால் ஃபிட் போதாது. 50 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னதாக, எது முந்துதோ அப்போது நேரடியாகக் கொலனோஸ்கோப்பி. ஆகவே அப்பாவின் றிப்போர்ட் அப்பாவுக்கு மட்டும் உரியதில்லை, எங்களுக்கும் தேவை. இந்தக் கிழமை போன் எடுக்கும்போது ரீவியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: "பெட்டி வந்ததோ? அனுப்பியாச்சோ?"